ஏழு பாகை

நிலாக் குடியிருப்பில் காலைக் காப்பியைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் குடிப்பார்கள். சுவர் அவ்வளவு இதமாக இருக்கும். அந்த ஊரில் இரவு பதினான்கு நாள். அத்தனை நாளும் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தச் சூடுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த அன்றுதான் வினை பிடித்தது. சுவருக்குப் பின்னால் கழிவுக்கூடம். ஊர் மொத்தத்தின் மலமும் அங்கே நொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

குமுதினிக்கு வெப்பப்பாவையில் வேலை. குடியிருப்பை அப்படியே கணினிக்குள் படைத்து வைத்த பொம்மை ஊர் அது. எந்தப் பரப்பு எதைத் தொடுகிறது என்று ஜோடி ஜோடியாக அதில் குறிக்க வேண்டும். ‘தொடும்’ என்றால் நிஜச் சுவருக்குள் வாயு நிரம்பிச் சூடு கடக்கும். ‘தொடாது’ என்றால் சுவருக்குள் வெற்றிடம். ஒரு பொட்டுச் சூடு தாண்டாது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைத்திலிங்கம் மனுவோடு வந்து நின்றார்.

“எங்க வரிசை பூரா ‘தொடாது’ன்னு போட்டுடும்மா.”

“நாளைக்குச் சூரியன் மறையுது சார். அஞ்சாம் நாள் உங்க பேத்தியோட பால்புட்டி உறைஞ்சிடும்.” பாவையை ஓட்டிக் காட்டினாள். வீடுகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து நீலமாயின.

“அப்போ குழாய் வச்சு சூட்டை மட்டும் கொண்டாயேன்.”

“அங்க இருக்கறது உங்க வயித்துலேர்ந்து போனதுதானே சார்?”

“அதை யாரு சொன்னா? அள்ளுற கை வேறயாச்சே!”

அவர் போனதும் குமுதினி மனுவைக் கசக்கிக் கூடையில் எறிந்தாள்.

கழிவுக்கூடத்து மேஸ்திரி சகாயம் உள்ளே வந்தார். இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா.

“வேக்காட்டுல வேலை, இதுல குல்லா வேறயா அண்ணே?”

“பழகிப்போச்சு தாயி.”

“இந்தக் கூட்டத்துக்கு நான் செய்யற வைத்தியத்தைப் பாருங்க.” எல்லாப் பரப்புக்கும் ‘தொடும்’ என்று ஒரே கட்டளையாகக் கொடுத்தாள். பாவை முழுக்கச் சிவந்தது. ஒரே ஓர் அறை மட்டும் நீலமாகவே நின்றது.

‘ஒரு ஜோடி மறுக்கிறது. குடியிருப்பவர் பூட்டியது’ என்றது இயந்திரம்.

“எந்த அசிங்கம் பிடிச்சது அது?” என்று திறந்தாள்.

கூடத்தை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. அதை ஒட்டிய அறை சகாயத்துடையது. கூடம் அவள் வீட்டைத் தொட்டது. அவள் வீடு அவர் அறையைத் தொடவில்லை. பூட்டிய நாள், அவள் குடிவந்த நாள். கைரேகை அவளுடையது. அறையின் சூடு, மூன்று வருஷமாக ஏழு பாகை.

அவளுக்கு அது நினைவில்கூட இல்லை. பூமியிலிருந்து ஏறும்போது ஆளுக்குப் பத்துக் கிலோ சாமான்தான் அனுமதி. தராசு அவளுக்கு ஒன்பதரைதான் காட்டியது; கூடவே ஏறி வந்த தீட்டுக்கு எடை இல்லை.

“அண்ணே... உங்களுக்கு இது...”

“முத நாளே சுவர் சில்லுன்னு ஆச்சே தாயி,” என்றார் சகாயம், குல்லாவைக் காதுக்கு இழுத்துவிட்டபடி.

அவள் பூட்டை எடுத்தாள். எடுக்கும்போது, பூட்டியதன் காரணத்தைத் திரை ஒருமுறை காட்டியது: ‘சுகாதாரத்தை முன்னிட்டு.’

கூடையில் மனு பாதி விரிந்து கிடந்தது. அதன் கடைசி வரியிலும் அதே இரண்டு சொல்லாக இருக்குமோ என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கூடையைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினாள்.