பாதையை மறித்த மந்தை

தார் ரோடு முடிந்த இடத்தில் ஜீப் அவளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. கிராம நர்ஸ் ஹாஃபிஸா மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினாள். கீழே முக்கால் மணி நேர நடையில் பதினோரு வீடுகள். அதில் ஒன்றில் ராஜகுமாரிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து நாள்.

“கண்ணு மஞ்சளா கெடக்குங்க, பால் குடிக்க மாட்டேங்குது. வெரசா வாங்க நர்சம்மா” என்று அவள் புருஷன் அஜித்குமார் காலையில் போனில் கெஞ்சியிருந்தான்.

கொடைக்கானல் பஜாரில் துணிக்கடை மாடியில் வளர்ந்தவள் ஹாஃபிஸா. தனியாக நடக்க அஞ்சமாட்டாள். மாட்டைக் கண்டால்தான் உதறல்.

பேரிக்காய்த் தோட்டம் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அதுவரை கூவிக்கொண்டிருந்த குருவிகள் ஒரே சமயத்தில் அடங்கிப் போயின.

திருப்பத்தில் ஒரு செவலை மாடு பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

“ஹேய், தள்ளிப் போ!”

மாடு அசையவில்லை. கழுத்தில் அறுந்த கயிறு. அது அவளைப் பார்க்கவில்லை; அவள் தோளுக்குப் பின்னால், சரிவில் எதையோ பார்த்தது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது.

பிறகு ஆடுகள் வந்தன. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக, இருபதுக்கு மேல். ஒன்றுகூடக் கத்தவில்லை. அவள் முழங்காலை இடித்துக்கொண்டு நெருங்கி நின்றன. கடைசியாகப் பூண்டு மூட்டை சுமக்கும் குதிரை ஒன்று, சேணம் சரிந்து தொங்க, ஆளில்லாமல் வந்தது.

எல்லாம் அவளைச் சுற்றி வளையமாக நின்றன. வால்கள் உள்ளே. தலைகள் வெளியே.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. வெகுநாள் மூடிக் கிடந்த குழியைத் தோண்டியதுபோல.

வளையத்துக்கு வெளியே யாரோ நடந்தார்கள். ஈர மண்ணில் வெறுங்கால்.

சளக். சளக்.

அந்தக் காலடி நகர நகர, எல்லாத் தலைகளும் அதோடு சேர்ந்து திரும்பின.

“யாரு அங்க?”

“நாந்தேன் நர்சம்மா, அஜித்குமாரு. இந்தப் பக்கம் வாங்க. பிள்ள கண்ணே தொறக்கல.”

காலையில் போனில் கேட்ட அதே குரல். ஹாஃபிஸாவுக்கு உயிர் வந்தது. “இந்த ஆடு மாட்ட வெலக்குங்க! நான் ஹாஃபிஸா, நர்ஸ், வந்துட்டேன்!”

காலடி நின்றது.

“நாந்தேன் நர்சம்மா, அஜித்குமாரு. இந்தப் பக்கம் வாங்க.” எழுத்துப் பிசகாமல், அதே ஏற்ற இறக்கத்தில்.

பிள்ளையின் நினைப்பில் அவள் ஆடுகளை விலக்கிக்கொண்டு காலை முன்னால் வைத்தாள். குதிரை அவள் துப்பட்டாவைப் பல்லால் கவ்வி இழுத்தது. மல்லாந்து விழுந்தாள். அவள் காலில் இடறிய கல் உருண்டு போனது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

பனி ஒரு கணம் விலகியது.

குரல் வந்த இடத்தில் தரையே இல்லை.

“யா அல்லாஹ்...” வாழ்நாளெல்லாம் ஒதுங்கிப்போன மாட்டின் கழுத்தை அவள் இரு கைகளாலும் கட்டிக்கொண்டாள். மந்தை மெல்ல நகர்ந்தது. அவளும் அதோடு நகர்ந்தாள். பின்னால் சளக் சளக் என்ற ஓசை ஊர் எல்லைவரை வந்து நின்றது.

கதவைத் திறந்த அஜித்குமார் திகைத்துப் போனான். “மத்தியானமே இதெல்லாம் கயித்த அத்துக்கிட்டு மேல ஓடிருச்சுங்க. நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?”

“நீங்க என்னைக் கூப்பிட வந்தீங்களா?”

“நான் வாசலத் தாண்டலைங்களே.”

“கதவச் சாத்துங்க.” அவள் அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். “தாழ்ப்பாளும் போடுங்க.”

பிள்ளையை மடியில் கிடத்திப் பார்த்தாள். மஞ்சள் இருந்தது, ஆனாலும் வாயில் விரலை வைத்ததும் பிள்ளை சப்பியது. “பயப்படாதீங்க. காலையில வெள்ளனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்.” ராஜகுமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே ஆடுகளின் குளம்புகள் திமுதிமுவென்று ஓடி மறைந்தன.

கதவு தட்டப்பட்டது. ஒரே ஒரு தட்டு.

“நான் ஹாஃபிஸா, நர்ஸ், வந்துட்டேன்!”

அவளுடைய குரல்.

ராஜகுமாரி கதவைப் பார்த்தாள். பிறகு, எதிரே உட்கார்ந்திருந்த ஹாஃபிஸாவைப் பார்த்தாள்.

மெல்ல, மிக மெல்ல, பிள்ளையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.