தொட்டி மண்

கண்ணாடித் தட்டில் இருந்த உருளைப்புழுக்கள் எல்லாம் ஒரே ஓரமாக, பாகீரதி உட்கார்ந்திருந்த பக்கமாக, ஒதுங்கியிருந்தன. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே நாகமலை மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மறுபடி குனிந்தபோது, முடியைவிட மெல்லிய அந்த உடல்கள் நெளிந்து நெளிந்து அவள் பக்கமே திரும்பி வந்துகொண்டிருந்தன.

காலேஜில் விலங்கியல் நடத்துகிறவள். மறுநாள் வகுப்பில் காட்டுவதற்காக, நுண்ணோக்கியை வீட்டுக்கே கொண்டுவந்து, ஜன்னலடி மல்லிகைத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்திருந்தாள். செடியின் வேர், கண்மாய்ச் சேறு, மாட்டுக் குடல், கடலடி, பாறை இடுக்கு என்று கொஞ்சம் ஈரம் இருந்தால் எங்கேயும் இவை பிழைத்துக்கொள்ளும், காய்ந்தால்தான் அடங்கும். வருஷாவருஷம் நடத்தி அலுத்த பாடம். ஆளைத் தேடி வரும் என்று அதில் எங்கேயும் இல்லை.

அந்தத் தொட்டியில்தான் அவள் கணவர் ஹரிநாராயணன் இருந்தார். போன ஆடியில் ராமேஸ்வரத்தில் கரைக்கக் கொண்டுபோன அஸ்தியில், முழுசாக விட மனசு வராமல், ஒரு பிடியை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வேரடியில் புதைத்திருந்தாள். வீட்டு வேலைக்கு வந்த முத்துத்தாயிடம் மட்டும் சொன்னாள்.

"வேணாம் டீச்சரம்மா. ஒரு பிடி இருந்தாலும் அவுக போகமாட்டாக."

"போக வேணாம்னுதானே வச்சிருக்கேன்."

முத்துத்தாய் அதோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லை. குக்கர் விசிலடித்தால்கூட, "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

நாற்காலியை மேஜையின் எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டு, சற்று நேரம் கழித்துப் பார்த்தாள். அந்தப் பக்கமும் வந்திருந்தன.

"ஏங்க?"

எல்லாப் புழுக்களும் அசையாமல் நின்றன.

வீடு முழுக்க ஈர மண் வாசனை. தொட்டியில் மண் பாதிக்கு இறங்கியிருந்தது. அதன் அடியிலிருந்து விரலகல ஈரம் தரையில் ஓடியது. படுக்கையறைக்குள்.

விளக்கைப் போட்டாள்.

கட்டிலில், சுவரோரம், அவர் படுக்கும் இடம் நனைந்திருந்தது. ஓர் ஆள் நீளம். தோள். மடக்கிய முழங்கால். நனைந்த இடமெல்லாம் மினுமினுத்து நெளிந்தது. தலையணையில் இருந்த ஈரம் மெதுவாக, அறை வாசலில் நின்ற அவள் பக்கம் திரும்பியது.

ஓடிப்போய்த் தெருக்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாள். வெளியே போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

திரும்பி வந்தாள். ஃபேன் காற்றில் அந்த உருவம் ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. விரல்கள் போய்விட்டன. முழங்கால் போய்க்கொண்டிருந்தது.

ஃபேனை நிறுத்தினாள். சொம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றித் தலையணையில் மெல்லத் தெளித்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். சற்று நேரத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து ஈரம் அவள் பக்கம் நகர்ந்து வந்தது.