மூச்சு விட்டால் சிவக்கும் தகடு

பட்டாணிக்கு உண்மைப் பெயர் வேறு. ஆனால் ஓரிடத்தில் நிற்காமல் உருண்டோடிக்கொண்டே இருப்பதால், வீட்டில் எல்லோருக்கும் அவள் பட்டாணிதான்.

அன்று அறிவியல் கண்காட்சி. சித்தி வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு மேசை கிடைத்திருந்தது. அதன்மேல் ஒரே ஒரு பொருள், தபால்தலை அளவில் ஒரு பச்சைத் தகடு. பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

"இது தங்கம்னா யாரு சித்தி நம்புவாங்க? பச்சையால்ல இருக்கு."

"அதுதான்டி விஷயமே. இதுல சாயம் துளிகூடக் கிடையாது. தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத குட்டிக் குட்டி மேடா வரிசையா நிக்க வச்சிருக்கோம். ஒரு தலைமுடி அகலத்துல நூத்துக்கணக்குல நிக்கும். வெளிச்சம் பட்டா, அதுல சில நிறத்தை இதுங்க முழுங்கிடும். முழுங்காம விட்டதுதான் பச்சையாத் தெரியுது."

பட்டாணிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பார்க்க வந்தவர்களிடம் சித்தி இப்படிப் பேசவில்லை. "உலோக நுண்ணமைப்புகளின் ஒளி உட்கவர்தல் பண்புகளை..." என்று ஆரம்பித்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டியபடியே நழுவினார்கள்.

எதிர் மேசையில் ஓர் இயந்திர நாய் குட்டிக்கரணம் போட்டது. மொத்தக் கூட்டமும் அங்கேதான்.

மத்தியானத்துக்குள் சித்தியின் முகம் தொங்கிவிட்டது. "மூட்டையைக் கட்டிடலாம் பட்டாணி. இத்தனை வருஷம் உழைச்சது யாரு கண்ணுலயும் படல."

பட்டாணிக்கு என்னவோ போலிருந்தது. அந்த நாய்மேல்கூடக் கோபம் வந்தது.

அப்போது மேசையோரம் ஒரு விசும்பல் கேட்டது. குட்டிப் பாப்பா ஒருத்தி அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அப்பாவோ எட்டி எட்டி நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா அழுற?"

"நாய் தெரியல. எல்லாரும் உயரமா இருக்காங்க."

பட்டாணி தான் உட்கார்ந்திருந்த முக்காலியை நகர்த்திப் போட்டாள். "இதுல ஏறிக்கோ."

பாப்பா ஏறினாள். ஏறியவள் கண்ணில் முதலில் பட்டது தகடுதான். குனிந்து, விம்மிக்கொண்டே அதை உற்றுப் பார்த்தாள். அவள் மூச்சு பட்டதும் பச்சைத் தகடு சிவப்பாகிவிட்டது. சற்று நேரத்தில் மறுபடியும் பச்சை.

"ஐயையோ, தொட்டுட்டாளா?" சித்தி பதறி ஓடி வந்தார்.

"தொடல சித்தி. மூச்சுதான் விட்டா."

சித்தி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். "அதுவா? மூச்சுல இருக்குற ஈரம் மேல படிஞ்சா, தகடு முழுங்குற நிறம் மாறிடும். மெஷின்ல அளந்து பாத்திருக்கேன்."

"இதை ஏன் யாருக்கும் காட்டல?"

"தோணலையே," என்றார் சித்தி.

பட்டாணி பேனாவை எடுத்து, 'தொடாதீர்கள்' என்பதற்குக் கீழே 'மூச்சு விடலாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

நாயை மறந்துவிட்ட பாப்பா அப்பாவை இழுத்தாள். அவர் 'உஃப்' என்று ஊதினார். தகடு அசையவில்லை, பச்சையாகவே இருந்தது.

"ஊதக் கூடாது மாமா. மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது 'ஹா'ன்னு விடுவீங்கல்ல, அது மாதிரி."

அவர் 'ஹா' என்றார். தகடு சிவந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பைக் கேட்டு இரண்டு பேர் திரும்பினார்கள். பிறகு பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் வரிசை வாசல்வரை போய்விட்டது. ஒருவர் சாப்பாட்டில் நிறைய வெங்காயம் சேர்த்துக்கொண்டிருப்பார் போல. தகடு சமாளித்துக்கொண்டது, பட்டாணிதான் இரண்டடி பின்வாங்கினாள்.

"ஏன் நிறம் மாறுது?" என்று எல்லோரும் கேட்டார்கள். சித்தி, குட்டி மேடுகள் வெளிச்சத்தை முழுங்கும் கதையைச் சொன்னார். இந்த முறை ஒருவரும் நழுவவில்லை.

"இவ்வளவு அழகா இதை யாரு செஞ்சது?" என்று ஒரு டீச்சர் கேட்டார்.

பட்டாணி சித்தியைக் காட்டினாள். வரிசை முழுவதும் சித்தியைத் திரும்பிப் பார்த்தது.

யாரும் மூச்சு விடவில்லை. ஆனாலும் சித்தியின் முகம் சிவந்துபோனது.