வருகைக் குறிப்பு

காலை எட்டு மணி அடித்ததும் செண்பகவல்லி டாக்டருக்கு வருகைக் குறிப்பை அனுப்பிவிடுவாள். யார் வந்தார், என்ன கேட்டார், எப்படி இருந்தார் என்று நாலு வரி. மதிப்பெண் இல்லாத வேலை என்பதால் கூடப் படித்தவர்கள் 'வந்தார், போனார்' என்று முடித்துவிடுவார்கள். நாற்பத்தாறு வயதில் மருத்துவ அலுவல் உதவியாளர் பயிற்சிக்கு வந்தவளுக்கு அப்படிக் கைகழுவ மனம் வரவில்லை. பதினைந்து வருடம் பாசி வளர்க்கும் தொட்டிகளைக் காத்தவள். நிறம் சற்று மங்கினாலும் எழுதிவைத்தே பழக்கம்.

இன்று ஏழரைக்கே சூசை வந்து நின்றார். குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறவர்.

"வாய்வுதான்க்கா. ஒரு மாத்திரை குடுங்க, ஷிப்டுக்குப் போணும்."

"சோதனைப் படுக்கைல ஒரு நிமிசம் படுங்களேன்."

"சாயங்காலம் வாரேன்க்கா."

போய்விட்டார். அவள் எழுதினாள்: 'வாய்வு மாத்திரை கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார். வலது காலை நீட்டவில்லை.'

இவர்கள் இருப்பது டைட்டனில். இங்கே மனிதனின் எடை பூமியில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான். நிற்பதற்கு யாரும் எதிலும் சாய்வதில்லை.

ஏழரைச் சனி பிடித்தவர்களை நமக்குத் தெரியும். தேடிப்போய்ச் சனியின் நிலவான டைட்டனையே பிடித்துக்கொண்டவர்கள் இந்த நானூறு பேர். இவர்களுக்கு டாக்டர் தூத்துக்குடியில் இருக்கிறார். ஜெபசீலி, முப்பத்தொரு வயது. அறுவைக்கரம் என்னும் ரோபோ பக்கத்து அறையில் தயாராக நிற்கிறது. ஆனால் உடம்பைக் கீறும் முடிவை ஒரு மனித டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிருந்து ஒரு சொல் போய்ச்சேர எண்பது நிமிடம், பதில் வர எண்பது நிமிடம். ஒளிக்கே அவ்வளவு நேரம் ஆகும். ஒளியை யாரும் விரட்ட முடியாது.

அதனால் பயிற்சி முழுவதும் ஒரே பாடம்தான். டாக்டர் என்னென்ன கேட்பார் என்று முன்பே யூகித்து, எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே தகவல்பொதியில் அனுப்ப வேண்டும். 'கேள்வி இல்லை' என்று ஒரு பொதிக்குப் பதில் வந்துவிட்டால் தேர்ச்சி. செண்பகவல்லி பதினொன்று அனுப்பினாள். பதினொன்றுக்கும் கேள்வி வந்தது. பன்னிரண்டாவதும் தவறினால் பழைய குருடி கதவைத் திறடி என்று பாசித் தொட்டிக்கே திரும்ப வேண்டியதுதான்.

பத்து இருபதுக்குச் சூசையை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். சோதனைப் படுக்கை சொன்னது: குடல்வால் வீங்கியிருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் அறுக்காவிட்டால் வெடித்துவிடலாம். பொதி போய்வர இரண்டே முக்கால் மணி. ஒரு கேள்வி திரும்பி வந்தாலும் சூசை பிழைக்கமாட்டார். காலையில் அவரைப் பிடித்துப் படுக்கவைக்காமல் விட்டோமே என்று செண்பகவல்லி தன்னையே நொந்துகொண்டாள்.

"எங்க ஆரம்பிச்சிச்சு சூசை?"

"தொப்புள்லக்கா. இப்ப கீழ, வலப்பக்கம்."

மெல்ல அமுக்கிக் கையை எடுத்தாள். எடுத்தபோதுதான் அவர் அலறினார். காய்ச்சல், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ஒத்துக்கொள்ளாத மருந்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிப் பத்து முப்பத்தைந்துக்குப் பன்னிரண்டாவது பொதியை அனுப்பினாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய முடியும்.

பத்து நாற்பத்தேழுக்குத் திரை ஒளிர்ந்தது. ஜெபசீலியின் முகம். செண்பகவல்லியின் பொதி அப்போது வியாழனின் பாதையைக்கூட எட்டியிருக்காது.

"அக்கா, பயந்துராதீங்க. நீங்க இப்ப எதும் அனுப்பியிருந்தா அது எனக்கு இன்னும் வரல. காலைல குறிப்பு எழுதினீங்கள்லா, அதுக்குத்தான் இந்தப் பதில். டைட்டன்ல ஒரு ஆளு செவுத்துல சாயுதாருன்னா சும்மா இருக்காது. குடல்வாலுன்னு நினைக்கேன். படுக்கையும் அதையே சொல்லுதா? வலி தொப்புள்ல ஆரம்பிச்சு வலப்பக்கம் எறங்கிச்சா? அமுக்கிட்டு விட்டா கூடுதா? காய்ச்சல் இருக்கா? எப்ப சாப்பிட்டாரு, எந்த மருந்து ஒத்துக்காது? எல்லாத்துக்கும் பதிலு உங்க கண்ணு முன்னாலதான் இருக்கு. சரியா இருந்தா தொடங்குன்னு நீங்களே சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன், அறுவைக்கரம் உங்க கொரலுக்குக் கேக்கும்."

நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால், நேரில் ஒருமுறையும் பார்த்திராத ஒரு பெண், கேள்வி புறப்படும் முன்பே பதிலை அனுப்பிவிட்டாள். யாரும் படிப்பதில்லை என்று நினைத்த நாலு வரியை அவள் தினமும் படித்திருக்கிறாள். ஓர் உயிரைக் கையில் கொடுத்து, நீயே சொல் என்று செண்பகவல்லியிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

கேட்ட ஒவ்வொன்றையும் தன் பொதியோடு ஒத்துப்பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"தொடங்கு" என்றாள். குரல் நடுங்கியது. அறுவைக்கரம் நடுங்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்குத் தையல் போட்டாயிற்று. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பொதி இப்போதுதான் தூத்துக்குடியை அடைந்திருக்கும். அங்கே இந்த நிமிடம்தான் சூசை அலறுகிறார். இங்கே அவர் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றே காலுக்குப் பதில் வந்தது. 'கேள்வி இல்லை.' அந்த இரண்டு சொல்லையும் நாலைந்து முறை படித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நன்றாகவே அழுதாள்.

சாயங்காலம் சொன்னபடி வரவேண்டிய ஆள் ஏற்கெனவே படுக்கையில் இருந்தார். செண்பகவல்லி முகத்தைக் கழுவிக்கொண்டு குறிப்பை எழுதத் தொடங்கினாள்:

'சூசை. தண்ணீர் கேட்டார். தானாக எழுந்து உட்கார்ந்தார். எதிலும் சாயவில்லை.'