நட்சத்திரம் போட்ட பட்டியல்

பட்டியலில் இல்லாத ஒரு நெட்வொர்க்கில் ஒரு சிம் போய் உட்கார்ந்திருந்தது. மதியம் இரண்டு ஐம்பதுக்கு அது கண்ணில் பட்டபோது செக்போஸ்ட்டுக்குப் பயம் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர்தான். லாரிகளிலும் லிஃப்ட்டுகளிலும் தண்ணீர் மீட்டர்களிலும் ஒளிந்திருக்கும் சிம் கார்டுகள் எந்த நெட்வொர்க்கோடு சேரலாம், எதன் வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது என்று பட்டியல் போடுவது அவன் வேலை. வயசுப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இவனுக்குச் சம்பளம் உண்டு.

வெளியே மழை. ஏசி காற்றில் ஈரத் தரைவிரிப்பின் வாடை, எங்கோ ஒரு விசிறி எலும்பு கடிப்பது போல் நொறுக்கிக்கொண்டிருந்தது. திரையில் அந்த ஒரு வரி மட்டும் விடாமல் மினுங்கியது. நெட்வொர்க்கின் பெயர் காலி. எண் முழுக்கப் பூஜ்யம். சிக்னல் மட்டும் முழுசு.

"மச்சி, இது எந்த வண்டி?"

பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான். "குளிர்பெட்டி லாரி. ரெண்டு வருஷம் முன்னாடி பாலத்துலேர்ந்து ஆத்துல விழுந்துச்சே, அது."

"வெளிய எடுத்தாங்களா?"

"டிரைவர் பொணத்தை எடுத்தாங்க. வண்டி இன்னும் சேத்துலதான் கிடக்கு."

"அப்புறம் எப்படி நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் வேகத்துல போகுது?"

பக்கத்து சீட்டுக்காரன் டம்ளரை எடுத்துக்கொண்டான். "சேறு வழுக்கும்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

செக்போஸ்ட் பட்டியலைத் திறந்தான். சோதனை சிம்களின் குழுவுக்கான அனுமதிக் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி. யார் கூப்பிட்டாலும் போகலாம் என்று அர்த்தம். காலையில் சோதனைக்காக அவன்தான் போட்டான். சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு டப்பா திறந்த வேகத்தில் மறந்துபோனது. யாரும் மூட மெனக்கெடாத செத்த சிம்களையெல்லாம் அந்தச் சோதனைக் குழுவில்தான் கொட்டி வைப்பார்கள்.

உயிரோடு இருக்கும் சிம்மும் அதில் ஒன்று உண்டு. மகளின் கைக்கடிகாரத்தில் அவன் போட்டுக்கொடுத்த ஓசி சிம். "ஓசின்னா நீ ஃபினாயிலையும் குடிப்படா" என்று அன்றைக்கே பக்கத்து சீட்டுக்காரன் வாழ்த்தியிருந்தான்.

வரைபடத்தைப் பெரிதாக்கினான். லாரியின் புள்ளி ஆற்றை விட்டு ஏறி, பெரிய சாலையைக் கடந்து, எங்கும் நிற்காமல், ஒரு சிக்னலுக்குக்கூட மரியாதை தராமல் வந்துகொண்டிருந்தது. அந்தத் திசையில் மகளின் பள்ளிக்கூடம் இருந்தது.

நட்சத்திரத்தை அழித்தான். அந்தக் காலிப் பெயரைத் தடைப் பட்டியலில் போட்டு அனுப்பினான்.

'வரிசையில் உள்ளது' என்றது திரை.

சிம்முக்குப் போகிற எந்த உத்தரவும், அது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறதோ அதன் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். திருடனைப் பிடி என்ற கடிதத்தைத் திருடன் கையிலேயே கொடுத்தனுப்புகிற ஏற்பாடு. லாரி போகட்டும். ஆனால் கடிகாரத்துக்கும் உத்தரவு போகவில்லை. பள்ளி நேரத்தில் அது தூங்கும். மூன்றரை மணிக்கு விழித்து, முதலில் ஒரு நெட்வொர்க்கைப் பிடித்து, அதற்குப் பிறகுதான் அவன் சொல்வதைக் கேட்கும். அப்படி அமைத்ததும் அவன்தான்.

மூன்று இருபத்தாறு. மனைவியைக் கூப்பிட்டான்.

"ஸ்கூல் கேட்டுலதாங்க நிக்கிறேன். குடை கம்பி உடைஞ்சுடுச்சு."

"பாப்பா வந்ததும் மொத வேலையா வாட்சைக் கழட்டிடு."

"ஏன், உங்க ஆபீஸ்ல திருப்பிக் கேக்குறாங்களா?"

"அங்க லாரி ஏதாவது நிக்குதா?"

"லாரியா? நானும் மழையும்தான் நிக்கிறோம்."

லாரியின் புள்ளி பள்ளி கேட் அருகே வந்து நின்றது. வேகம் பூஜ்யம்.

போனில் பள்ளி மணியடித்தது கேட்டது. பிள்ளைகளின் இரைச்சல். திரையில் கடிகாரம் விழித்தது. நெட்வொர்க்கின் பெயர் காலி. சிக்னல் முழுசு.

வரிசையில் உள்ளது. வரிசையில் உள்ளது.

"பாப்பா வந்துட்டா. கையப் பிடிச்சுட்டேன்." மனைவியின் குரல் சற்று நின்றது. "என்னடி, கை இப்படிச் சில்லுனு இருக்கு? நனைஞ்சியா?"

பதில் இல்லை. மகள் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள்.

வரைபடத்தில் லாரியும் கடிகாரமுமாக இரண்டு புள்ளிகளும் ஒன்றாகக் கிளம்பின. வேகம் நாற்பத்திரெண்டு.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. மகள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பை முதுகிலேயே இருந்தது.

"வந்ததுலேர்ந்து வாயே திறக்கலைங்க" என்றாள் மனைவி. "வாட்சைத் தொட்டா கையை இழுத்துக்கிறா. டாக்டருக்குப் போன் பண்றேன்."

அவள் உள்ளே போனாள். அவன் மகளின் முன் மண்டியிட்டான். இப்போது கையை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டினாள்.

கடிகாரத்தில் நாடித்துடிப்பு தொண்ணூற்றிரண்டு.

மணிக்கட்டில் விரலை வைத்தான். அழுத்தினான். இடம் மாற்றி அழுத்தினான்.

ஒன்றுமில்லை.

கடிகாரத்தில் தொண்ணூற்று மூன்று.

பட்டைக் கொக்கியில் கை போனது. அப்போது கடிகாரத்தின் சின்ன ஒலிபெருக்கி கரகரத்தது. இரும்புப் பெட்டியின் அதிர்வு. குளிர்பதன இயந்திரத்தின் முனகல். அதற்கு அடியில், நடுங்கும் பற்களுக்கு நடுவே, ஒரு குரல்.

"அப்பா... எப்பப்பா இறக்கி விடுவாங்க?"

அவன் கை கொக்கியிலேயே நின்றுவிட்டது. கழற்றினால் அந்தக் குரலும் போய்விடும். கழற்றாவிட்டால்...

"பாப்பா. அப்பா இங்க இருக்கேன்டா."

"இருட்டா இருக்குப்பா. டிரைவர் அங்கிள் திரும்பிப் பாக்கவே மாட்டேங்குறாரு."

சோபாவில் இருந்தவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை. இறுக மூடிய உதட்டின் ஓரத்திலிருந்து, மெல்ல, ஆற்றுச் சேறு வழியத் தொடங்கியது.