அப்பா முறுக்கிய நட்டு

முதல் நட்டு இளகிய சத்தம் இரண்டு இடத்தில் கேட்டது. ஒன்று அவன் மிதித்த ஸ்பேனருக்கு அடியில், துரு உடைந்து இரும்பு இரும்போடு உரசிய கிறீச். இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம், அப்பாவின் அறையில், நெடுநேரம் அடக்கி வைத்த மூச்சை யாரோ விட்டது போல ஒரு "ஆ..."

குழாயிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றான். பதினொரு மாதமாக அந்த அறையிலிருந்து அவன் மனைவியின் குரலைத் தவிர வேறு குரல் வந்ததில்லை. பக்கவாதம் வந்த அன்றோடு அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. வலது கை முஷ்டியாக மடங்கி இறுகிப்போனது. நகம் உள்ளங்கையைக் கிழித்துவிடக் கூடாது என்று அவள்தான் தினமும் விரல்களுக்குள் பஞ்சைத் திணித்து வைப்பாள். அதற்காகவே நூலக வேலையில் நீண்ட விடுப்பு போட்டிருந்தாள்.

அன்றிலிருந்து அப்பாவின் காரும் ஷெட்டில் நின்றது நின்றபடியே கிடந்தது. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். காரோ முன்சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. சக்கரத்தைக் கழற்றினால்தான் பிரேக்கைப் பார்க்க முடியும். மெக்கானிக் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கவே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு இவனே இறங்கிவிட்டான். சக்கரத்தில் நாலு நட்டு. நாலும் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கைக்கு அவை மசியவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் சுற்றித் தட்டி, ஸ்பேனர் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்ற பிறகுதான் முதலாவது அசைந்தது.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். நட்டு முறுக்கும்போது ஸ்பேனர் மேல் ஏறிக் குதிப்பார். "நான் முறுக்குனத எவன் கழட்டுறான்னு பாத்துரலாம்" என்பார். பக்கத்தில் நிற்கும் மகனின் பிடரியில் அதே வேகத்தில் ஒன்று விழும். காரணம் எதுவும் தேவைப்படாது.

சுவரின் மேலே இருந்த சின்ன ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க! மாமா விரலை நீட்டினாருங்க! ஆள்காட்டி விரல். தானா நீண்டுச்சு!"

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணாலதான் பாத்தேன், பின்ன காதாலயா? நீங்க வேலையப் பாருங்க, நான் எண்ணெய் தேச்சு விடுறேன்."

முகம் மறைந்தது. தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டிக், டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. துருவும் மண்ணெண்ணெயும் பழைய ரப்பரும் கலந்த வாடை தொண்டையில் போய் ஒட்டியது. காரின் அடியிலிருந்த நிழல் மட்டும் மத்தியானத்துக்குச் சம்பந்தமில்லாமல் குளிர்ந்து கிடந்தது; முழங்கால் வரைக்கும் அந்தக் குளிர் ஏறியது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. படத்தான் முடியவில்லை.

இரண்டாவது நட்டில் குழாயை மாட்டி மிதித்தான். கிறீச்.

"ஆ..."

"இன்னும் ரெண்டு விரலுங்க!" உள்ளேயிருந்து அவள் கூவினாள். "கடவுளே, கண்ணு கூட என்னையே பாக்குது!"

உள்ளங்கை வியர்த்து குழாய் வழுக்கியது. தற்செயல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்றாவதுக்கு எண்ணெய் விட்டான். காத்திருந்தான். தட்டினான். மிதித்தான். இந்த முறை ஆ என்ற பெருமூச்சு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, கரகரத்த, ஈரமான ஒரு குரல் வந்தது. என்ன சொன்னது என்று தெளிவாகக் கேட்கவில்லை. மனைவிதான் ஓடிவந்து ஜன்னலில் சொன்னாள்.

"பேசிட்டாருங்க! 'பஞ்சு'ன்னாரு! கையில பஞ்சு உறுத்துது போலன்னு எடுத்துப் போட்டுட்டேன். அப்பவும் பஞ்சு, பஞ்சுங்கிறாரு. வேணுமா வேணாமான்னே தெரியலை!"

அவள் சிரித்தாள். கலியாணமாகி ஆறு வருஷத்தில் அவளிடம் அவன் சொல்லாத ஒன்று அது. பஞ்சு என்பது அவன்தான். கை பஞ்சு மாதிரி இருக்கிறது, ஆம்பளையா நீ என்று அப்பா வைத்த பெயர்; அவள் எதிரில் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்தது அடிதான்.

"நீ வெளிய வந்துரு" என்றான்.

"என்னது?"

"அவருகிட்ட இருக்காத. வெளிய வா."

"நல்லா இருக்கே நீங்க சொல்றது! இப்பத்தான் மனுஷன் வாயத் தொறந்திருக்காரு."

போய்விட்டாள். அவளுடைய முணுமுணுப்புப் பாட்டு சுவருக்குள்ளிருந்து கேட்டது. எண்ணெய் தேய்க்கும்போது எப்போதும் பாடுவாள்.

அவன் நாலாவது நட்டைத் தொடவில்லை. முதல் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு மாதம். இந்தப் பதினொரு மாதம்தான் இந்த வீட்டில் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறான், உரக்கச் சிரித்திருக்கிறான். ஸ்பேனரை எதிர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினான். சும்மா, என்ன ஆகிறது என்று பார்க்க. கால் சுற்று முறுக்கினான்.

பாட்டு நடுவில் நின்றது.

காது கொடுத்தான். அலறல் இல்லை, முனகல் இல்லை. அப்பாவின் விரல் மடங்கியிருக்கும். அவள் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், இரண்டு நாள் அழுவாள். அழட்டும். இன்னும் கால் சுற்று. இரண்டாவது நட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, குழாய் மேல் ஏறி, அப்பா குதிப்பது போலவே குதித்தான். மூன்றாவது. மடங்கு. இறுகு. அப்படியே கிட. நெஞ்சுக்குள் இனிப்பாக ஏதோ பரவியது.

வெளிச்சம் மங்கியிருந்தது. மேகம் போட்டிருந்தது. கூரைத் தகரம் பேச்சை நிறுத்தியிருந்தது.

"ஏம்மா" என்று கூப்பிட்டான்.

ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

"இங்க பாரு, என்ன ஆச்சு?"

ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. மெதுவாக. அப்புறம் காலடி. ஒரு பாதம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவளுடைய நடை இல்லை அது.

ஓடினான். அறை வாசலில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றிருந்தார். நாற்காலியில் அவள் இருந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையும் முஷ்டியாக மார்போடு ஒட்டியிருந்தன. விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. அசைந்தது கண் மட்டும். அது அவனைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஷெட்டுப் பக்கம் போனது. மறுபடி அவனிடம் வந்தது.

முறுக்கியது அவன்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எப்படித் திரும்பி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. ஸ்பேனர். குழாய். முதல் நட்டு. கழட்டிவிட்டால் சரியாகிவிடும். இடது பக்கம். மிதித்தான். அசையவில்லை. எண்ணெய். பொறுமை இல்லை. மிதித்தான். "வாடா, வா, வந்துரு." ஏறி நின்றான். குதித்தான்.

டக்.

ஸ்பேனர் லேசாகிவிட்டது. கீழே விழுந்து எழுந்து பார்த்தான். ஸ்பேனர் வாய்க்குள் நட்டு பத்திரமாக இருந்தது. அதற்குள், கழுத்தோடு முறிந்த போல்ட். முறிந்த இடம் வெள்ளியாகப் பளபளத்தது.

சுவருக்கு அந்தப் பக்கமும் டக்.

அதன் பிறகு மெல்லிய சீழ்க்கை. திறக்காத வாய்க்குள்ளேயே ஒருத்தி கத்தினால் மூக்கு வழியாக வருமே, அந்தச் சத்தம். நிற்காமல் வந்தது.

காலடி நெருங்கியது. ஷெட்டுக்குள் வந்தது. அப்பா காரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, முழங்கால் நெறுநெறுக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையால் ஸ்பேனரை வாங்கினார். முறிந்த துண்டைத் தட்டிக் கீழே போட்டார். இரண்டாவது நட்டில் ஸ்பேனரை அளவாக, அக்கறையாக, மாட்டினார். குழாயைச் செருகினார்.

"ம். அடுத்தது."

குழாயின் நுனியை அவன் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்.