தெரிந்தே ஊட்டிய ரொட்டி

"இன்னும் ஒரே வாய்டா... இந்த ஓரத்தை மட்டும் சாப்பிட்டுடு."

குருவி வாயை இறுக மூடிக்கொண்டாள். ஏழு வயது ஆகியும் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம்தான். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பி நிற்கும். அந்த உடம்பைப் பார்த்துத்தான் தெருவே அவளைக் குருவி என்று கூப்பிட்டது. தட்டில் இருந்த இரண்டு துண்டு ரொட்டியும் மாடிக்குக் கீழே, அப்பாவின் கடை அடுப்பில் அன்று விடியற்காலை வெந்தது.

சித்தி அந்தத் துண்டைப் பாலில் நனைத்து நீட்டினாள். குருவி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். விழுங்கிய வேகத்தில் எழுந்து ஓடி, குளியலறையில் அத்தனையையும் வாந்தி எடுத்தாள். சித்தி அவள் முகத்தைக் கழுவித் துடைத்து உட்கார வைத்துவிட்டு, மிச்சமிருந்த அரைத் துண்டைக் கையில் எடுத்தபோது, வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கடையில் ரொட்டி சுடுவது தம்பி, விற்பது அக்கா. குருவியைப் பெற்றவள் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. அதற்கப்புறம் மூன்று வருஷம் தூக்கி வளர்த்தது அத்தைதான். தம்பிக்கு மறுபடி கல்யாணம் செய்து வைத்ததும் அவள்தான். குழந்தையைச் சித்தியின் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போனவள், கொடுத்திருக்கக் கூடாதோ என்று இரண்டு வருஷமாக உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

"வாந்தி எடுத்த பிள்ளை வாயில மறுபடியும் திணிக்கிறியா? உன் வயித்துல பொறந்திருந்தா இப்படிச் செய்வியா?"

சித்தியிடம் பதில் இருந்தது. ஆனால் அது நம்பக்கூடிய பதிலாக இல்லை.

பத்து நாளுக்கு முன் அவள் குருவியைத் தனியாக ஒரு வயிற்று டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், கோதுமைதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் உள்ளே போனால், சிலருக்கு உடம்பே தன் குடலைப் புண்ணாக்கிக்கொள்ளுமாம். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாதாம். உறுதி செய்ய, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஐந்து வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது.

"அதுவரைக்கும் ரொட்டிய நிறுத்திடாதீங்க. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், சோதனையில ஒண்ணும் தெரியாது. தினம் ரெண்டு துண்டாவது கொடுங்க" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சேவா, டாக்டர்?"

"வேற வழி இல்லம்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் சித்தி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளை இளைக்க இளைக்க, தேறட்டும் என்று வெண்ணெய் தடவி, இரண்டுக்கு மூன்றாக ரொட்டியை ஊட்டியவள் அவள்தான். இரண்டு வருஷம்.

இதையெல்லாம் அவள் அத்தையிடம் சொல்லிப் பார்த்தாள். அத்தை முழுவதையும் கேட்டுவிட்டு, சத்தம் கேட்டு மாடியேறி வந்த தம்பியிடம் திரும்பினாள்.

"கேட்டியா தம்பி? நம்ம ரொட்டி பிள்ளைக்கு விஷமாம். விஷம்னு தெரிஞ்சே இவ ஊட்டுறாளாம். டாக்டரே ஊட்டச் சொன்னாராம்."

அப்பாவிடம் சித்தி இதை முன்பே சொல்லியிருந்தாள். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. அந்த அடுப்பின் ரொட்டியைத் தின்று வளர்ந்தவர் அவர். தரையைப் பார்த்துக்கொண்டே, கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருக்கட்டுமே என்றார்.

சித்தி குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்து, மேலே ஒரு ரொட்டியையும் வைத்தாள். படி வரைக்கும் கூடவே போனாள்.

"அண்ணி, என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க. தினம் ரெண்டு துண்டு மட்டும் கொடுத்துடுங்க."

அத்தை ரொட்டியை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

அத்தை வீட்டில் சோறு, காய், முட்டை, பழம். ரொட்டி பேருக்குக்கூட இல்லை. ஒரு வாரத்தில் குருவிக்கு வாந்தி நின்றது. மூன்றாவது வாரம் வயிறு வற்றி, கன்னம் உருண்டு, பள்ளிக்கூடம் போகும்போது கடைத் தெருவில் ஓட ஆரம்பித்தாள். ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை இதைச் சொன்னாள். கேட்டவர்கள் மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த ஜன்னல் வழியாகச் சித்தியும் குழந்தை ஓடுவதைப் பார்த்தாள். சந்தோஷம்தான் முதலில் வந்தது. அது தீருவதற்குள் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. இப்படியே போனால் சோதனையில் ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்கள். அத்தை வீட்டுக்கு இரண்டு முறை நடந்தாள். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை.

சோதனை நாளன்று அத்தை நானும் வருவேன் என்று வந்தாள். உட்கார்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, தினமும் ரொட்டி சாப்பிட்டாளா என்பதுதான்.

"ஒரு துண்டுகூடக் கொடுக்கல, டாக்டர். இப்ப எப்படி இருக்கான்னு நீங்களே பாருங்க" என்றாள் அத்தை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ரொட்டியை நிறுத்தியதால்தான் தேறியிருக்கிறாள் என்றார். ஆனால் இப்போது சோதித்தால் முடிவை நம்ப முடியாது என்றும், மறுபடி முதலிலிருந்து ஆறு வாரம் ரொட்டி கொடுத்துக் கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னார். "இதத்தான் இவங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்."

அத்தை சித்தியைப் பார்த்தாள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. குருவியின் உருண்டு வந்த கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவி மாடி வீட்டுக்கே திரும்பினாள். மறுநாள் காலை அங்கே வந்து முதல் துண்டை அத்தைதான் எடுத்தாள். தான் கெடுத்ததைத் தானே செய்து முடிக்கவேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. "வேணாம் அத்தை, வயிறு வலிக்கும்" என்றாள் குருவி. அத்தையின் கை பாதியிலேயே நின்றது. துண்டைச் சித்தியின் கையில் வைத்தாள்.

"என்னால முடியல... அன்னைக்கு நீ எப்படிம்மா தனியா செஞ்ச?"

சித்தி துண்டைப் பாலில் நனைத்து ஊட்டினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தை வருவாள். குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வாள்; சித்தி ஊட்டுவாள். நாலாம் நாள் வாந்தி திரும்பியது. கன்னம் ஒட்டியது. குருவி இரண்டு பேருடனும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வாந்திச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழே அப்பா மாவு பிசைவதை நிறுத்திவிட்டு நிற்பார். மாடிக்கு வரமாட்டார்.

சோதனையில் உறுதியானது. ஆயுசுக்கும் கோதுமை கூடாது. வீடு எங்கே என்று டாக்டர் கேட்டார். அடுப்புக்கு நேர் மேலே என்றார்கள். படியில், படுக்கையில், தண்ணீர்க் குடத்தின் விளிம்பில் எல்லாம் தினமும் மாவு படியும் வீடு அது. அங்கே இந்தக் குழந்தை இருக்கக்கூடாது என்றார் டாக்டர். தினமும் கடை மாவோடு திரும்பும் அத்தையின் வீடும் ஆயுசுக்கும் ஒத்துவராது என்றார்.

கடையை மூட முடியாது. அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் சித்தியிடம் கேட்கவில்லை.

"பிள்ளைய நான் தனியா கூட்டிட்டுப் போயிடுறேங்க. லீவு அன்னைக்குக் குளிச்சிட்டு, வேற துணி மாத்திட்டு வந்து பாருங்க" என்றாள் அவளே. கல்யாணமாகி இரண்டரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

ஊரின் மறுகோடியில் ஒரு சின்ன அறை பார்த்தார்கள். கிளம்பும் காலையில் கடைக்குள்ளிருந்து அத்தை இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் குருவி பேசாமலிருந்ததை மறந்து கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அத்தை சட்டென்று பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"கிட்ட வராத கண்ணு... அத்தை மேல எல்லாம் மாவு."

குருவி ஒன்றும் புரியாமல் நின்றாள். தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அத்தை அழுதாள். சித்தி பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல..."

"பிள்ளை தேறினதப் பாத்து சந்தோஷப்பட்டீங்க, அண்ணி. ஜன்னல்ல நின்னு நானும்தான் பட்டேன்."

பிறகு சித்தி தன்மேல் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள். உள்ளே போய்க் கைகால் கழுவி, துணி மாற்றிக்கொண்டு வந்து, அப்புறம்தான் குழந்தையைத் தூக்கினாள்.